உப்பு போடும் முன் எடுத்து வைத்தது

பிப்ரவரி 4

அன்பு மகள் ஐஸ்கட்டிக்கு,

அப்பா சொல்லச் சொல்ல, கீழ்வீட்டுத் தையல்காரம்மா எழுதுவது. நீ பத்திரமாக இறங்கி வேலைக்கும் போய்விட்டாய் என்று வீட்டுச் சொந்தக்காரர் போனில் நீ சொன்னதாக அம்மா சொன்னாள். நிம்மதி. இங்கே நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருக்கிறோம்.

முதலில் என் குறையைச் சொல்லிவிடுகிறேன். நீ கிளம்பிய பிறகு ஃபிரிட்ஜைத் திறந்தேன். என் சாமான் ஒன்றுகூட இல்லை. பாதி எலுமிச்சம்பழம், கிண்ணத்தில் இரண்டு கரண்டிப் பருப்பு, ரொட்டி ஓரம் எட்டுத் துண்டு, சூப்புக்காகச் சேர்த்துவைத்த காய்த்தோல், எலும்புப் பை, எல்லாம் போச்சு. "இது ஃபிரிட்ஜா, மியூசியமாப்பா?" என்று அன்றைக்கு நீ கேட்டபோதே எனக்குச் சந்தேகம்தான். அந்தப் பருப்பு முந்தின நாள் மத்தியானம் வைத்தது, இன்னும் இரண்டு நாள் தாங்கும். எலும்பு ஞாயிற்றுக்கிழமையுடையது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதே தவிர, எது என்றைக்கு உள்ளே போனது என்று தெரியும். முப்பத்தெட்டு வருஷம் குளிர்கிடங்கில் பெட்டி அடுக்கியவன். சூப்பர்வைசர் நோட்டில் தப்பு வரும், என்னிடம் வராது.

போகட்டும். ஆறு நாள் லீவில் வந்து ஆறு நாளும் அடுப்படியில் நின்று ஃபிரீசரை நிறைத்துவிட்டுப் போயிருக்கிறாய். இருபத்துநாலு டப்பா. பன்னிரண்டு சிவப்பு ரப்பர் பேண்ட், பன்னிரண்டு பச்சை. கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்: இடது பக்கம் கோழிக்கறி, அதில் ஒரு மூடி அடுப்பில் பட்டு ஓரம் கருகியது. நடுவில் பருப்பு, அதில் மூலை உடைந்த மூடி ஒன்று. வலது பக்கம் காயும் சோறும்.

டாக்சி ஹாரன் அடிக்க அடிக்க நீ என் காதில் கத்திச் சொன்னதை மறக்கவில்லை. சிவப்பைத்தான் முதலில் எடுக்கிறேன். முந்தின நாளே கீழ்த்தட்டுக்கு இறக்கிவைத்து, பனி விட்டதும் ஒரே தடவை நன்றாகக் கொதிக்கவைத்து, அம்மாவுக்குக் கொடுக்கிறேன். மூன்று டப்பா தீர்ந்துவிட்டது. நான் தொடுவதில்லை. எனக்கு மிச்சச் சூப் போதும், புதுசாக எலும்புப் பை சேர்க்க ஆரம்பித்துவிட்டேன்.

ஒன்று கேட்க வேண்டும். டாக்டர் உப்பை நிறுத்தியதிலிருந்து தட்டைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்பவள், உன் டப்பாவை வழித்துச் சாப்பிடுகிறாள். உப்பே போடாமல் இவ்வளவு ருசியாகச் சமைக்க எங்கே கற்றாய்? உன் ஆஸ்பத்திரிச் சமையலறையிலா?

அவளுக்குக் கால் கொஞ்சம் வீங்கின மாதிரி இருக்கிறது. "உக்காந்தே இருக்கேன்ல, அதான்" என்கிறாள். மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்கினாள். எனக்கு என்னவோ போல் இருக்கிறது. நீ விவரம் தெரிந்தவள், எழுது.

இப்படிக்கு,
அப்பா
(கீழே உள்ள வட்டம் நான் போட்டது)


பிப்ரவரி 12

அப்பா,

முதலில் இதைக் கேளுங்கள், மற்றதெல்லாம் பிறகு. சிவப்பு டப்பாவை அம்மாவுக்குக் கொடுக்காதீர்கள். ஒரு வாய்கூட வேண்டாம்.

சிவப்பு உங்களுக்கு. பச்சைதான் அம்மாவுக்கு. ஒரே பானையில்தான் சமைத்தேன். உப்பு போடும் முன் பாதியை எடுத்து அம்மாவுக்கு வைத்துப் பச்சை போட்டேன். மிச்சத்தில் உப்பு போட்டு உங்களுக்கு வைத்துச் சிவப்பு போட்டேன். எங்கள் சமையலறையில் சிவப்பு என்றால் நோயாளி தட்டுக்குப் போகக் கூடாது என்று அர்த்தம். அதைத்தான் டாக்சி பக்கத்தில் நின்று சொன்னேன். "புரிஞ்சுதாப்பா?" என்று கேட்டேன். "புரிஞ்சுது, புரிஞ்சுது, நீ ஏறு" என்றீர்கள்.

அம்மாவின் சிறுநீரகம் பாதிகூட வேலை செய்யவில்லை. உப்பு சேர்ந்தால் தண்ணீர் உடம்பிலேயே தங்கிவிடும். கால் வீக்கமும் மூச்சு வாங்குவதும் அதுதான். இன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே வீட்டுக்காரர் போனுக்கு அடித்தேன். அம்மா வந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். "சரி சரி, அப்பாகிட்ட சொல்லிடறேன், நீ பயப்படாத" என்றாள். இருந்தாலும் மனம் கேட்கவில்லை, எழுதுகிறேன்.

அப்பா, கோபப்படாமல் யோசியுங்கள். உங்களுக்குக் காது கேட்கவில்லை, எழுதி ஒட்டினாலும் படிக்க முடியாது. இனிமேல் அம்மாவை உங்களால் தனியாகப் பார்த்துக்கொள்ள முடியுமா? நான் இருக்கும் அறையில் இன்னும் ஒரு கட்டில்தான் போட முடியும். அம்மாவை மட்டும் அழைத்துக்கொள்வதற்கு விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

எத்தனை டப்பா கொடுத்தீர்கள் என்று எழுதுங்கள்.

உங்கள் மகள்


பிப்ரவரி 20

அன்பு மகளுக்கு,

இதை வீட்டில் உட்கார்ந்து சொல்லவில்லை. தையல்காரம்மா கடையில் மிஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சொல்கிறேன். உன் கடிதத்தை அவர் எங்கள் வீட்டில் வைத்து என் காதில் படித்தாரே, எதிர்வீட்டு நாய்கூட எழுந்து நின்று கேட்டது. எனக்காகக் கத்தினால் ஊருக்கே தண்டோரா. என் குரலும் அப்படித்தான், காது போனவனுக்கு மெதுவாகப் பேச வராது. அதனால் கடைப் பெண்ணை மிஷினை ஓட்டச் சொல்லிவிட்டுப் பேசுகிறேன்.

ஏழு டப்பா, மகளே. ஏழு.

கோழிக்கறி மூன்று, பருப்பு இரண்டு, காயும் சோறும் இரண்டு. ஒவ்வொன்றும் எந்த நாள், அவள் எந்தப் பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டாள், என்ன சொன்னாள், எல்லாம் ஞாபகம் இருக்கிறது. இருந்து தொலைக்கிறது. ஐந்தாவது டப்பா அன்று தட்டை வழித்த விரலை வாயில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

டாக்சி ஹாரனில் எனக்குக் கேட்டது 'சிவப்பு' என்ற ஒரு சொல்தான். மற்றதை நானே போட்டு நிரப்பிக்கொண்டேன். எங்கள் கிடங்கில் சிவப்புச் சுண்ணக்கட்டிக் கோடு போட்ட பெட்டி முதலில் வெளியே போக வேண்டும், நாள் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். முப்பத்தெட்டு வருஷம் சிவப்பைக் கண்டால் கை தானாகப் போகும். காது கேட்காதவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டப் பழகிவிடுகிறான். "என்ன?" என்று எத்தனை தடவைதான் கேட்பது? நீ வேறு கிளம்புகிற அவசரத்தில் இருந்தாய். தலையாட்டினேன்.

டாக்டர் காலை அமுக்கிப் பார்த்தார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. அந்தக் குழியைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. "இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா நுரையீரல்ல தண்ணி ஏறியிருக்கும்" என்றார். "யாரும்மா உப்புச் சாப்பாடு குடுத்தது?" என்று கேட்டார். உன் அம்மா சட்டென்று, "நானேதான் சாப்பிட்டேன் டாக்டர்" என்றாள். என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னாள். அது எனக்கு இன்னும் கேவலமாகப் போய்விட்டது.

மாத்திரை கொடுத்திருக்கிறார். வீக்கம் வடிகிறது. செருப்பு நுழைகிறது.

நீ போன் செய்ததை அவள் என்னிடம் சொல்லவே இல்லை. மறந்துவிட்டாள் போல. உடம்பு சரியில்லாதவளைக் குறை சொல்லி என்ன?

உன் கடிதத்தைக் கேட்ட மறுநாள் காலையிலேயே சிவப்பு ஐந்தையும் எடுத்துத் தையல்காரம்மாவிடம் கொடுத்துவிட்டேன். வீட்டில் இருந்தால் என் கை மறுபடியும் அதன்மேல் போகுமோ என்று பயம். இப்போது பச்சை மட்டும்தான் உள்ளே. பன்னிரண்டு. எடுக்கும்போது பச்சைதானா என்று வெளிச்சத்தில் பிடித்து மூன்று தடவை பார்க்கிறேன்.

அவளைக் கூட்டிப் போவதைப் பற்றி எழுதியிருந்தாய். இந்த ஒரு தடவை விட்டுவிடு, மகளே. இனிமேல் தப்பு வராது. என் கையாலேயே அவளை முடித்திருப்பேன் என்ற நினைப்பு ஒன்றே போதும், நான் ஒழுங்காக இருப்பேன்.

அப்பா


மார்ச் 1

அன்புள்ள அப்பா,

கோபம் இல்லை அப்பா. பயந்துவிட்டேன், அவ்வளவுதான். இவ்வளவு தூரத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு ரப்பர் பேண்டை நம்பியது என் தப்பு. அடுத்த தடவை வட்ட டப்பா அம்மாவுக்கு, சதுர டப்பா உங்களுக்கு என்று வைக்கிறேன். இருட்டில் தடவினாலும் தெரியும்.

பச்சை டப்பாவை இரண்டாவது தடவை சூடாக்காதீர்கள். அவள் பாதி வைத்துவிட்டால் அந்த மிச்சத்தைத் திரும்ப உள்ளே வைக்க வேண்டாம், நீங்கள் சாப்பிட்டுவிடுங்கள். உங்களுக்குக் கொட்டச் சொன்னால் ஆகாது என்று எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மா நன்றாகத்தான் பேசினாள். "உங்கப்பா பச்சை பச்சைன்னு பயிர் மாதிரி பாத்துக்கிட்டு நிக்கிறாரு" என்று சிரித்தாள்.

ஏப்ரல் கடைசியில் லீவு கேட்டிருக்கிறேன். வந்து பார்த்து முடிவு செய்வோம். அதுவரை நீங்கள் சொன்ன சொல்லை நம்புகிறேன். தையல்காரம்மாவுக்கு என் நன்றி.

உங்கள் ஐஸ்கட்டி


மார்ச் 9

மகளுக்கு,

கால் மறுபடியும் வீங்கியிருக்கிறது.

பச்சை மட்டும்தான் கொடுத்தேன். சத்தியமாகப் பச்சை மட்டும்தான். இதுவரை ஐந்து பச்சை. நேற்று அவள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு படியிறங்கினாள். டாக்டர் ஊரில் இல்லை, நாளை மறுநாள்தான் வருவார்.

நீ பச்சையிலும் உப்பு போட்டுவிட்டாயா? யோசித்துப் பார். இல்லையென்றால் நான்தான். மூன்று தடவை பார்த்தும் என் கண்ணுக்குச் சிவப்பு பச்சையாகத் தெரிகிறதா? நான் எடுத்ததே எனக்கு மறந்துபோகிறதா? எனக்கு நோட்டு கிடையாது, மகளே. தலைக்குள் இருப்பதுதான் நோட்டு. அதில் பக்கம் கிழிந்துபோனால் எனக்கே தெரியாதே.

வீட்டுக்காரர் போனில் அழைப்பு வரும், போகாது. பூட்டுப் போட்டு வைத்திருக்கிறார். அதனால் இந்தக் கடிதம்.

அவளுக்குத் தட்டு வைக்கவே பயமாக இருக்கிறது.

அப்பா


மார்ச் 11

அன்பு மகளுக்கு,

முந்தாநாள் எழுதியது உன் கைக்கு வரும் முன் இது வந்தால் நல்லது. நீ உப்பு போடவில்லை. என் தலையும் கெடவில்லை. இரண்டில் ஒன்று கெட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இப்போது தோன்றுகிறது.

நேற்று மத்தியானம் தையல்காரம்மா காலி டப்பாக்களைக் கழுவி எங்கள் வாசலுக்குக் கொண்டுவந்தார். ஐந்து டப்பா. இப்போது எழுதும்போது கொஞ்சம் கூச்சப்படுகிறார், ஆனால் அவர் சொன்னதை அப்படியே எழுதச் சொல்லிவிட்டேன். என் காதருகில் வந்து, "பெரியவரே, ஒண்ணு சொன்னா தப்பா நினைக்க மாட்டீங்களே? ரெண்டு டப்பா பிரமாதம். மூணுல உப்பே இல்ல. மக சமைச்சதாச்சே, உங்க மனசு கஷ்டப்படும்னு இத்தனை நாள் சொல்லல" என்றார்.

உப்பே இல்லை. சிவப்பு டப்பாவில்.

அவர் கையில் இருந்த மூடிகளைப் பார்த்தேன். அதற்கு முன் பார்க்கவே இல்லை, மகளே. பயம் வந்த நாளிலிருந்து நான் ரப்பர் பேண்டை மட்டும்தான் பார்த்தேன். மூலை உடைந்த மூடி அங்கே இருந்தது. அது பச்சை போட்ட பருப்பு. நீ அடுக்கிய அன்றே பார்த்து மனதில் வைத்தது. ஓரம் கருகிய மூடி, சிவப்பு போட்ட கோழிக்கறி, எனக்கு வைத்தது. அது அந்த ஐந்தில் இல்லை.

அது எங்கே இருந்தது தெரியுமா? எங்கள் மேசை மேல். பச்சை ரப்பர் பேண்டைக் கழற்றி, கொதிக்கவைத்து, பத்து நிமிஷத்துக்கு முன்னால் நானேதான் அவள் தட்டில் போட்டுவிட்டு வந்திருந்தேன்.

ஓடினேன். இந்த வயதில் அந்த மூன்று எட்டு தூரத்தை ஓடினேன். பாதி சாப்பிட்டிருந்தாள். தட்டைப் பிடுங்கினேன். அவளும் விடவில்லை. இரண்டு பேரும் தட்டின் இரண்டு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றோம், குழந்தைகள் மாதிரி.

"மாத்தி வச்சது நீதானே?"

"என்னத்த?"

"ரப்பர் பேண்ட. பச்சைய எடுத்துச் சிவப்புல போட்டது நீதானே?"

தட்டையே பார்த்தாள்.

"எப்ப மாத்துன?"

"தையல்காரம்மா கடுதாசி படிச்சாங்கல்ல, அன்னிக்குச் சாயங்காலம். நீங்க எலும்பு வாங்கக் கறிக்கடைக்குப் போனீங்க. மூணுதான் மாத்துனேன். அதுக்குள்ள கை மரத்துப்போச்சு."

"சிவப்பு எனக்குன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"அவ ரப்பர் பேண்ட் போடும்போதே தெரியும். என்கிட்டதானே முதல்ல சொன்னா. உங்க காதுல டாக்சிகிட்டதான் சொன்னா."

"அடிப்பாவி, அப்ப அந்த ஏழும்?"

"நீங்கதானே கொண்டுவந்து வச்சீங்க. வாசனை வந்துச்சு. நான் என்ன செய்ய?"

"செத்துப் போயிருப்பேடி!"

"உப்போட போயிருப்பேன்."

அப்படிச் சொல்லிவிட்டுச் சிரித்தாள், மகளே. எனக்கும் ஒரு நொடி சிரிப்பு வந்துவிட்டது, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. பிறகு அவள் காலைப் பார்த்தேன்.

தட்டை வாங்கிக்கொண்டு போய்க் குழாயடியில் கவிழ்த்தேன். நானே சாப்பிட்டிருக்கலாம். என் பங்குதானே அது. வாயருகே கொண்டுபோகவும் செய்தேன், முடியவில்லை. தண்ணீரைத் திறந்துவிட்டு, கோழித் துண்டு ஓட்டையில் அடைக்க அடைக்க விரலால் தள்ளினேன். கிடங்கில் கெட்டுப்போன பெட்டியைக்கூட மற்றவர்களைத்தான் கொட்டச் சொல்வேன். நல்ல சோற்றை என் கையால் கொட்டியது இதுதான் முதல்முறை. எனக்குக் கேட்காத காதில்கூட அந்தத் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

திரும்பி வந்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள். "மகளுக்கு எழுதாதீங்க. எழுதுனா கூட்டிட்டுப் போயிடுவா. இனிமே செய்ய மாட்டேன்" என்றாள். உனக்கு நான் எழுதியது போலவே, பார்த்தாயா.

டாக்டர் இன்று காலை வந்தார். ஊசி போட்டிருக்கிறார். மூச்சு இப்போது சீராக இருக்கிறது. ஆனால் இன்னொரு தடவை இப்படி வந்தால் தாங்காது என்று என் காதில் கத்திச் சொன்னார். இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லும் கேட்டது. தலையாட்டவில்லை, திருப்பிச் சொல்லிக் காட்டினேன்.

மகளே, நான் கெட்டுப்போன பெட்டியைக் கண்டுபிடிப்பேன். எது என்றைக்கு வந்தது என்று சொல்வேன். ஆனால் இரண்டு பேர் இருக்கிற வீட்டில், ஒருத்தி எனக்குத் தெரியாமல் சாப்பிட வேண்டும் என்று நினைத்துவிட்டால், அதை என்னால் காக்க முடியாது. அவள் எழுந்து நடக்கும் சத்தம் எனக்குக் கேட்காது. ஃபிரிட்ஜ் கதவு திறக்கும் சத்தம் கேட்காது. உப்பு டப்பாவைத் தையல்காரம்மாவிடம் கொடுத்துவிட்டேன். ஆனால் தெருவில் நாலு கடை இருக்கிறது. இந்த இரண்டு நாளாக அவள் சமையலறைப் பக்கம் போகும்போதெல்லாம் பின்னாலேயே போய் நிற்கிறேன். "என்ன, போலீசா?" என்கிறாள்.

ஏப்ரல் கடைசி வரைக்கும் காத்திருக்காதே. இப்போதே லீவு கேள். வந்து கூட்டிப் போ. அங்கே தட்டு தட்டாகப் பார்த்துக் கொடுக்கிற உன் கண் இருக்கிறது. இவ்வளவு நாள் விட்டுவிடு விட்டுவிடு என்று நான்தான் கெஞ்சினேன். இப்போது நானே சொல்கிறேன்.

அவளிடமும் சொல்லிவிட்டேன். காய்ந்த துணிகளை மடித்து வைத்தாள். பிறகு என் காதருகில் வந்து, "அப்ப உங்களுக்கு யாரு மிச்சம் வைப்பா?" என்று கேட்டாள். நான் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். அதுதான் எனக்கு இருக்கும் ஒரே வசதி.

ஃபிரீசரை நேற்று முழுக்க இறக்கி, மூடி மூடியாகப் பார்த்து அடுக்கினேன். ஆறு டப்பா இருக்கிறது. ஆறும் அவளுடையதுதான், நீ உப்பு போடும் முன் எடுத்து வைத்தது. நீ வரும்வரை அதிலிருந்து கொடுக்கிறேன். நீங்கள் கிளம்பும்போது மிச்சம் இருந்தால் கொட்டிவிடாதே. ஃபிரிட்ஜைச் சுத்தம் செய்கிறேன் என்று ஆரம்பிக்காதே.

அதை நான் சாப்பிட்டுக்கொள்கிறேன். உப்பு போடாமலே.

அப்பா
(வட்டம் கொஞ்சம் கோணலாகிவிட்டது.)